புரதம் கூட, லைசின் குறைய: வலிகாமத்துப் புரொய்லர் பண்ணை ஒண்டில கொம்பியூட்டர் கணக்கால தீன் மாத்தின நிகழ்வு

பண்ணையும் ஆக்களும்

யாழ்ப்பாணத்தில வலிகாமம் பக்கம், செம்மண் தோட்டக் காணிக்குள்ள இருக்கிற பண்ணை. கிழக்குக் கொட்டில், மேற்குக் கொட்டில் எண்டு ரெண்டு, ஒவ்வொண்டிலயும் ஆயிரம் புரொய்லர், அதாவது இறைச்சிக் கோழிக் குஞ்சு விடலாம். புருசனும் பெண்சாதியும்தான் வேலை, ஏற்றி இறக்கிற நாளில மட்டும் கூலிக்கு ஒராள் வருவார். நான் விவசாயம் படிச்சுப்போட்டு இப்பிடிப் பண்ணைகளுக்குத் தீன் கணக்குப் பாத்துக் குடுக்கிறன், அவரை அண்ணை எண்டும் அவவை அக்கா எண்டும்தான் கூப்பிடுறது, அதால இதிலயும் அப்பிடியே எழுதுறன்.

2022 வரைக்கும் அவையள் முழுக்க பையில வாற கம்பனித் தீன்தான் போட்டவை. 2021 வைகாசியில இரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டினதோட உள்ளூர்ச் சோளம் விழுந்தது, அடுத்த வருசம் டொலர் இல்லாமல் சோயாப் புண்ணாக்கு வாறதும் இழுபறி, ஒரு பட்ச் (ஒண்டா விட்டு ஒண்டா விக்கிற குஞ்சுத் தொகுதி) விட்டு அடுத்த பட்ச் விடேக்க தீன் பையின்ர விலை வேற. அதோட அண்ணை குஞ்சுத் தீனை மட்டும் கடையில எடுத்து, 15ஆம் நாளில இருந்து தானே கலக்கத் தொடங்கினார். தெரிஞ்ச ஒராள் எழுதிக் குடுத்த அளவு: சோளம் 45, சோயாப் புண்ணாக்கு 25, தவிடு 8, தேங்காய்ப் புண்ணாக்கு 8, எள்ளுப் புண்ணாக்கு 6, கருவாட்டுத் தூள் 5, மிச்சம் தாதுப்பொருள், விற்றமின், உப்பு, தொன்னுக்கு ஒரு கிலோ மெதியோனைன் எண்ட அமினோ அமிலம். புரதம் 22 வீதத்துக்கு மேல வரும் எண்டு சொல்லித்தான் அந்தத் துண்டைக் குடுத்தவர், அண்ணையும் அந்த 22ஐத்தான் நம்பியிருந்தவர்.

முதல் நாள் பாத்தது

2023 பங்குனியில என்னைக் கூப்பிட்டவை. சொன்ன குறை ரெண்டு. கோழி 35 நாளில 1.75 கிலோவைத் தாண்டுதில்லை, கொட்டில் தரையில பரப்பியிருக்கிற உமி எப்பவும் ஈரம்.

காலமை அஞ்சரைக்குப் போனன். வெயில் ஏறினாப் பிறகு போனால் கொட்டிலின்ர உண்மையான மணம் தெரியாது. நிண்ட உயரத்தில அவ்வளவு இல்லை, ஆனால் கோழியின்ர தலை உயரத்துக்குக் குந்தியிருந்தால் ரெண்டு நிமிசத்தில கண் எரியத் தொடங்கிச்சு, அமோனியா. தண்ணிக் குழாய்க்குக் கீழ மட்டுமில்லாமல் நடுக் கொட்டிலிலயும் உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையா நிண்டுது, விட்டால் உதிரேல்லை. பத்துக் கோழியைப் பிடிச்சுக் காலைத் திருப்பிப் பாத்தன், ஏழுக்கு அடிப்பாதத்தில கறுத்த புண். பின்னேரம் திரும்பப் போய்ப் பாக்கேக்க உள்வெப்பம் 34 பாகை, கோழி எல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்குது, தீன் தட்டுப் பக்கம் ஒண்டுமில்லை.

அக்காட்ட ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தினை கிலோ தீன் போட்டது, எத்தினை செத்தது, கிழமைக்கொருக்கா இருபது கோழி நிறுத்த நிறை, எல்லாம் நீலப் பேனையால எழுதி ஒன்பது பட்சுக்கு வைச்சிருந்தவா. இந்தக் கொப்பி இல்லாட்டி இதில எழுதியிருக்கிற ஒரு கணக்கும் நடந்திராது. நான் போற பண்ணைகளில பத்தில எட்டிலயாவது இப்பிடி ஒண்டு இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

கொப்பியில இருந்து கணக்குக்கு

கோழிக்குப் புரதம் எண்டு ஒரு தேவை தனியா இல்லை. அதுக்குத் தேவையானது புரதத்தைக் கட்டியிருக்கிற அமினோ அமிலங்கள், அதுவும் ஒண்டுக்கொண்டு ஒரு விகிதத்தில. லைசினை 100 எண்டு வைச்சால் மெதியோனைனும் சிஸ்ரினும் சேத்து 75 மட்டில, திரியோனைன் 66 மட்டில, வலைன் 77க்குக் கிட்ட, ஆர்ஜினைன் 105 மட்டில எண்டு போகும். சோளமும் சோயாவும் போட்டால் முதல் தட்டுப்படுறது மெதியோனைன், பிறகு லைசின், பிறகு திரியோனைன். எதாவது ஒண்டு முடிஞ்ச இடத்தில தசை கட்டுறது நிண்டிடும், மிச்சமா நிக்கிற மற்றதுகளை உடம்பு உடைச்சு அதில இருக்கிற நைதரசனை யூரிக் அமிலமா எச்சத்தில கழிச்சு விடும், அந்த உடைக்கிற வேலையில சூடும் வரும். சித்திரை வெயிலில 34 பாகைக் கொட்டிலுக்குள்ள நிக்கிற கோழிக்கு அந்தச் சூடு எவ்வளவு வில்லங்கம் எண்டு சொல்லத் தேவையில்லை.

பழைய அளவை, புத்தகப் பெறுமதிகளை (தீன் புத்தகத்தில போட்டிருக்கிற சத்து அளவுகளை) வைச்சு எக்செலில போட்டுப் பாத்தன். புரதம் 22.9 வீதம். மொத்த லைசின் 1.17. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிச் சபையின்ர 1994 அட்டவணையில 3 கிழமையில இருந்து 6 கிழமை வரைக்கும் லைசின் 1.00 வீதம்தான், அதால அந்த அட்டவணைப்படி இந்தத் தீன் தாராளமாப் பாஸ். ஆனால் அது அந்தக் காலத்துக் கோழிக்கு, இப்பத்தைய இனங்கள் அதை விடக் கெதியா வளருறதுகள். அதோட மொத்தத்தைப் பாத்துக் காணாது, குடலுக்குள்ள சமிபாடடைஞ்சு உறிஞ்சப்படுறதைப் பாக்க வேணும். சோயாவில இருக்கிற லைசின் 88 வீதம் மட்டில சமிக்கும், தேங்காய்ப் புண்ணாக்கில அது சரியான குறைவு. எள்ளுப் புண்ணாக்கில மெதியோனைன் நல்லா இருக்கு, லைசின் சோயாவின்ர பாதி கூட இல்லை. சமிக்கிற லைசினாக் கணக்குப் பாத்தால் 1.17 எண்டது 1.01 ஆ வந்திட்டுது.

அடுத்தது கோழி ஒரு நாளைக்குக் கிராமில என்ன கேக்குது எண்ட கணக்கு. நாலாம் கிழமையில ஒரு கோழி நாளுக்கு 70 கிராம் ஏற வேணும் எண்டால் அதில 17.5 வீதம் புரதம், அதாவது 12 கிராமுக்குக் கொஞ்சம் கூட. உடம்புப் புரதத்தில லைசின் 7.5 வீதம் மட்டில, அப்ப 0.92 கிராம். சமிச்ச லைசினில 78 வீதம்தான் தசையாச் சேரும் எண்டு எடுத்தால் 1.18 கிராம், உயிர் வாழுறதுக்கு ஒரு 0.07, எல்லாமா 1.25 கிராம். கொப்பிப்படி அந்தக் கிழமை ஒரு கோழி தின்னிறது 120 கிராம். குஞ்சுக் கம்பனிக் கையேட்டில எழுதியிருக்கிறது அதை விடக் கனக்கக் கூட, ஆனால் இஞ்சத்தைய வெயிலுக்கு இதுதான் தின்னுது. 120 கிராமில 1.01 வீதம் எண்டால் 1.21 கிராம் லைசின், அதுக்கு 68 கிராம் வளர்ச்சி வர வேணும். கொப்பியில இருந்தது 62.

அந்த 6 கிராம் இடைவெளிக்கு வெயில்தான் காரணம் எண்டு நான் விட்டுட்டன். அங்கதான் இந்த நிகழ்வின்ர முதல் பிழை.

முதல் முயற்சி, சித்திரை 2023

குறைஞ்ச செலவில தீன் அமைக்கிற கணக்குக்குப் பெரிய சொஃப்ட்வெயார் தேவையில்லை, எக்செலில இருக்கிற சோல்வர் காணும். 1947இல டான்ற்சிக் எண்ட அமெரிக்கக் கணிதக்காரர் கண்டுபிடிச்ச சிம்ப்ளெக்ஸ் முறைதான் உள்ளுக்கு ஓடுறது. ஒவ்வொரு பொருளின்ர விலையையும் சத்துப் பெறுமதியையும் குடுத்து, லைசின் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, நார் இவ்வளவுக்குக் கூடக் கூடாது எண்டு வரம்பு போட்டால் எல்லா வரம்புக்கும் பொருந்துற ஆகக் குறைஞ்ச விலைக் கலவையை அது தரும்.

சமிக்கிற லைசின் 1.10 எண்டு வைச்சன். 120 கிராம் தீனில 1.25 கிராம் எண்டு பாத்தால் தேவை 1.04 வீதம் எண்டுதான் வந்தது, கலவை பிசகினாலும் தாங்கட்டும் எண்டு கொஞ்சம் கூட்டினது. மற்றதுகளை விகிதப்படி போட்டன். புரதம் 22க்குக் குறையக் கூடாது எண்ட வரம்பையும் விட்டு வைச்சன், அண்ணை கேட்டவர், எனக்கும் அப்ப அதில மறுப்பில்லை. கருவாட்டுத் தூளுக்கு 60 வீதப் புரதம், 4.5 வீத லைசின் எண்டு மீன் தூளுக்கான புத்தகப் பெறுமதியைக் குடுத்து, ஆகக் கூட 8 வீதம் எண்டு எல்லை போட்டன். சோல்வர் அந்த 8ஐ முழுசா எடுத்தது. எடுக்கத்தானே செய்யும், அந்த விலைக்கு அவ்வளவு லைசின் வேற எதிலயும் இல்லை.

ரெண்டு கொட்டிலுக்கும் ஒரேயடியா அதைக் குடுத்தம். நாலாம் நாளே அக்கா போன் எடுத்தவா, தண்ணித் தாங்கி பின்னேரத்துக்கு முன்னம் முடியுது எண்டு. பத்து நாளில உமி முந்தியை விட மோசம், கிளறிக் கிளறிப் புது உமி போட வேண்டி வந்தது. 35ஆம் நாள் நிறை 1.68 கிலோ, வழமையை விடக் குறைவு, சாவும் கூட. அந்தப் பட்சில அவையளுக்கு வந்த நட்டம் என்ர கணக்கால வந்தது, அதை நான் அண்ணைக்கு நேரா இருந்து சொன்னனான்.

கருவாட்டுத் தூள்

பிழையைக் கண்டுபிடிச்சது அக்கா. கொட்டில் கழுவின அண்டைக்குச் சாக்கைத் திறந்து ஒரு துளி எடுத்து நாக்கில வைச்சுப் பாத்திட்டு, "தம்பி, இது மீன் தூள் இல்லை, உப்புக் கருவாட்டுக் கழிவை அரைச்சிருக்கினம்" எண்டா. நானும் வைச்சுப் பாத்தன், நாக்குச் சுள்ளெண்டது. பிறகு ஒரு கண்ணாடிக் கிளாசில தண்ணி விட்டு ரெண்டு கரண்டி தூளைப் போட்டுக் கலக்கி வைச்சம், அஞ்சு நிமிசத்தில அடியில ஒரு விரல் மொத்தத்துக்கு மணல் படிஞ்சுது.

மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினன். ஆனியில முடிவு வந்தது: புரதம் 41 வீதம், உப்பு 13 வீதம், மணல் 9 வீதம். தீனில உப்பு மொத்தமா 0.3, 0.4 வீதம் இருந்தால் காணும். எங்கட கலவையில தூளால மட்டும் ஒரு வீதத்துக்கு மேல போயிருக்கு, அதுக்கு மேல வழமையா அள்ளிப் போடுற கறி உப்பு வேற. பழைய அளவிலயும் 5 வீதத் தூளோட 0.9 மட்டில உப்பு இருந்திருக்கு, அந்த உப்புக்குக் கோழி தண்ணி கூடக் குடிச்சிருக்கும், உமி எப்பவும் ஈரமா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

புதுப் பெறுமதிகளைப் போட்டுப் பழைய அளவைத் திரும்பக் கணக்குப் பாத்தன். புரதம் 22, சமிக்கிற லைசின் 0.93. 120 கிராமில 1.12 கிராம் லைசின். அதுக்கு மொடல், அதாவது மேல சொன்ன லைசின் கணக்கு, சொல்லுற வளர்ச்சி நாளுக்கு 62 கிராம், கொப்பியில இருந்த அதே 62. பங்குனியிலயே மொடலும் தராசும் 6 கிராம் முரண்பட்டு, எங்கயோ ஒரு பெறுமதி பிழை எண்டு காட்டிக்கொண்டு நிண்டிருக்கு, நான்தான் கவனிக்கேல்லை.

ரெண்டாவது கணக்கும், 22ஐ விட்டதும்

கருவாட்டுத் தூளை முழுசா நீக்கினம். நல்ல மீன் தூள் வாங்கலாம், ஆனால் சாக்குக்குச் சாக்கு சோதிக்கிற வசதி எங்களிட்ட இல்லை.

தூள் இல்லாமல் ஓட விட்டால் தீன் விலை நல்லா ஏறிச்சு. சோல்வர் தாற அறிக்கையில ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு நிழல் விலை இருக்கும், அந்த வரம்பை ஒரு புள்ளி தளர்த்தினால் எவ்வளவு மிச்சம் எண்டு அது காட்டும். தீன் கணக்குப் பாக்கிற ஆக்கள் கனபேர் இந்தப் பக்கத்தைத் திறந்தே பாக்கிறேல்லை, முடிவு அளவை மட்டும் எழுதிக்கொண்டு போயிடுவினம். எங்கட அறிக்கையில கனமா நிண்டது லைசினும் இல்லை, மெதியோனைனும் இல்லை, புரதம் 22 எண்ட வரம்பு. ஒரு வீதப் புரதத்துக்குக் கிலோவுக்கு 3 ரூபாவுக்கு மேல குடுத்துக்கொண்டு இருந்தம். அந்தக் காசில வாறது தேவைக்கு மேலான அமினோ அமிலம், எச்சத்தில போறதுக்கு.

அண்ணைக்கு இது லேசா ஏறேல்லை. "புரதத்தைக் குறைச்சால் கோழி எப்பிடித் தம்பி வளரும்?" எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டவர். நியாயமான கேள்வி, பையில பெரிசா அச்சடிச்சிருக்கிறது புரதம்தானே. முற்றத்தில கதிரை போட்டு இருந்து 1.25 கிராம் கணக்கை அவற்ற கொப்பியின்ர பின் மட்டையில ஒவ்வொரு வரியா எழுதிக் காட்டினன். கடைசியில வரம்பை 19.5க்கு இறக்க ஒத்துக்கொண்டவர். அதை முழுசா எடுக்காததுக்குக் காரணம் இருக்கு, புரதம் கனக்க விழுந்தால் கிளைசின் மாதிரி நாங்கள் வரம்பு போடாத அமினோ அமிலங்களும் தட்டுப்படலாம்.

வந்த அளவு: சோளம் 58, சோயா 31, எள்ளுப் புண்ணாக்கு 3, எண்ணெய் 2, மிச்சம் தாதுப்பொருளும் விற்றமினும். தொன்னுக்கு லைசின் ஹைட்ரோகுளோரைட் 2.3 கிலோ, மெதியோனைன் 2.8, திரியோனைன் 0.8. புரதம் 20. லைசின் ஹைட்ரோகுளோரைட்டால குளோரைட்டு கூடும், அதால கறி உப்பைக் குறைச்சு சோடியத்துக்கு அப்பச்சோடா சேத்தம்.

விலை கிலோவுக்கு 195 ரூபா வந்தது. பழையது 188. கூடின விலைத் தீனைப் போடச் சொல்லி ஒரு பண்ணைக்காரரிட்டக் கேக்கிறது லேசில்லை, அதுவும் ஒருக்கா நட்டப்படுத்தினாப் பிறகு. ஆனால் கோழி விக்கிறது உயிர் நிறைக்கு, அதால ஒரு கிலோ நிறைக்கு எவ்வளவு தீன் காசு எண்டதைத்தான் பாக்க வேணும். அதை அளக்காமல் நம்பச் சொல்ல எனக்கு உரிமையும் இருக்கேல்லை.

அந்த நேரம் ஒரு நண்பர், நரம்பு வலைப்பின்னல் மொடல் (தரவைப் பாத்துத் தானே படிக்கிற கொம்பியூட்டர் மொடல்) ஒண்டைக் கொப்பித் தரவில பழக்கி எடுக்கலாமே எண்டு கேட்டவர். லைசினுக்கும் மெதியோனைனுக்கும் கோழி எப்பிடி வளருது எண்டு பாக்க அப்பிடியான மொடல்களைப் பாவிச்ச ஆய்வுகள் இருக்கு, ஆனால் அதுகளுக்கு வேற வேற அளவில தீன் குடுத்த கனக்கத் தரவு வேணும். எங்களிட்ட இருந்தது ஒன்பது பட்ச், எல்லாம் ஏறக்குறைய ஒரே தீன். அதில இருந்து எந்த மொடலும் லைசினைப் பற்றி ஒண்டும் படிச்சிராது.

கலக்கிற விதம்

100 கிலோ தீனுக்கு 280 கிராம் மெதியோனைன். சீமெந்துத் தரையில சவளால பிரட்டினால் அது ஒரு மூலையில நிண்டிடும். அக்கா சமையல் தராசில மூண்டு தூளையும் நிறுத்து, முதல் அஞ்சு கிலோ சோள மாவோட பெரிய தாச்சியில கையால கலந்து, அதை இருபது கிலோவோட கலந்து, பிறகுதான் முழுக் குவியலுக்கும் கொட்டிப் பிரட்டுவா. நாலு தரம் பிரட்ட வேணும் எண்டு சுவரில கரியால எழுதி வைச்சிருக்கிறா.

ரெண்டு கொட்டில், ரெண்டு தீன்

ஆடியில குஞ்சு விட்டு, 15ஆம் நாளில இருந்து மேற்குக் கொட்டிலுக்குப் புதுசு, கிழக்குக்குப் பழசு. 35ஆம் நாள் பழசு 1.72 கிலோ, ஒரு கிலோ நிறைக்குத் தின்ட தீன் 1.92 கிலோ. புதுசு 1.86 கிலோ, 1.76. அண்ணை அடுத்த பட்சுக்கு ரெண்டிலயும் புதுசு போடத்தான் நிண்டவர். நான் மறிச்சன், கிழக்குக் கொட்டிலில காலமை வெயில் நேரா விழும், சோழகக் காத்தும் மேற்குக் கொட்டிலுக்குத்தான் முதல் அடிக்கும், வித்தியாசத்தில எவ்வளவு தீனால, எவ்வளவு கொட்டிலால எண்டு சொல்லேலாது.

புரட்டாதிப் பட்சில இடம் மாத்தினம். கிழக்கில புதுசு 1.84 கிலோ, 1.79. மேற்கில பழசு 1.75 கிலோ, 1.90. அப்ப வித்தியாசம் 140 கிராமில இருந்து 90க்கு இறங்கிச்சு. ரெண்டையும் சேத்துப் பாத்தால் தீனால வந்தது 115 கிராம், கொட்டிலால வந்தது 25 கிராம்.

தீன் செலவு ஒரு கிலோ நிறைக்கு முதல் பட்சில 18 ரூபா மிச்சம், ரெண்டாவதில 8. சராசரி 13 ரூபா எண்டு வைச்சால், 950 கோழி 1.85 கிலோப்படி விக்கேக்க ஒரு கொட்டிலுக்கு 22,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல, கூடின நிறைக்கு வாற காசு வேற. பாதப் புண் 50 கோழியில பழசுக்கு 31, புதுசுக்கு 12, இடம் மாத்தினாப் பிறகு 27, 14.

ஒரு கிலோ கோழி வளக்கேக்க எச்சத்தில போற நைதரசனும் கணக்குப்படி காற்பங்கு குறைஞ்சிருக்கு. இது எனக்குக் காசை விட முக்கியம். அந்த உமி எல்லாம் வெங்காயத் தோட்டத்துக்குத்தான் போகுது, கீழ சுண்ணாம்புக் கல், அந்த நைதரசன் நைத்திரேற்றா மாறி மழைக்கு நேரா கிணத்துக்கு இறங்கும், அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறம்.

உப்பா, அமினோ அமிலமா?

ஒரு சந்தேகம் தீரேல்லை. புதுத் தீனில கருவாட்டுத் தூளும் இல்லை, புரதமும் குறைவு, அமினோ அமிலமும் சேத்தது, மூண்டையும் ஒரேயடியா மாத்தியிருந்தம். 2024 மாசியில மேற்கில பழைய அளவையே தூள் இல்லாமல், அந்த 5 வீதத்தையும் சோயாவும் சோளமுமாப் போட்டுக் குடுத்தம், கிழக்கில புதுசு. தூள் இல்லாத பழசு 1.79 கிலோ, பாதப் புண் 50இல 17. புதுசு 1.88 கிலோ, 13. உமி ரெண்டிலயும் கையில இறுக்கினால் உதிர்ந்துது. ஈரம் பெரும்பாலும் உப்பால வந்தது, நிறை வித்தியாசம் பெரும்பாலும் அமினோ அமிலத்தால வந்தது எண்டு இதில இருந்து எடுத்திருக்கிறன். ஒரு பட்ச்தான், இடம் மாத்திப் பாக்கேல்லை, அதால இதை இவ்வளவுக்கு மேல இழுக்க மாட்டன்.

திரும்பச் செய்தால்

எந்த உள்ளூர்ப் பொருளுக்கும் புத்தகப் பெறுமதியைப் போட்டு முதல் கலவை அமைக்க மாட்டன், முக்கியமா மீன் தூள், தவிடு, புண்ணாக்கு. ஆய்வுகூடக் காசு ஒரு பட்சில வந்த நட்டத்தின்ர பக்கத்திலயும் வராது. புதுத் தீனை ஒரு கொட்டிலுக்கு மட்டும் குடுத்துத் தொடங்குவன். மொடல் சொல்லுறதும் தராசு சொல்லுறதும் ஒத்துவராட்டில், காரணத்தை ஊகிக்காமல் ஒவ்வொரு பெறுமதியாத் தேடிப் பாப்பன்.

1.10 எண்ட அளவும் முடிஞ்ச முடிவில்லை. லைசினைக் கூட்டக் கூட்ட வளர்ச்சி கூடுறது ஒரு இடத்தில பட்டெண்டு நிக்கிறேல்லை, மெல்ல மெல்லத் தேயும், அதால சோயா விலையும் கோழி விலையும் மாறேக்க லாபமான அளவும் மாறும். வாடைக் காலத்தில கோழி கூடத் தின்னும், அப்ப அதே 1.25 கிராமுக்குக் குறைஞ்ச வீதம் காணும், அதைத் தனி அளவா எழுத வேணும் எண்டு இப்பதான் செய்துகொண்டு இருக்கிறம்.

அக்காவின்ர கொப்பியில இப்ப ரெண்டு புது நிரல் இருக்கு, பின்னேரம் ரெண்டு மணிக்குக் கொட்டில் வெப்பம் ஒண்டு, சோளத்தின்ர ஈரம் ஒண்டு. போன கிழமை வந்த லொறிச் சோளம் 16 வீத ஈரம் எண்டு போன் எடுத்தவா, அண்ணை அதைப் பாயில பரப்பிக் காயவிட்டிருக்கிறார், 13க்கு வந்தாப் பிறகு நிறுத்து அனுப்புறம், அதுக்குப் பிறகு கணக்கைப் போடுங்கோ எண்டு சொன்னவா.